அன்பான கடவுள் துன்பத்தை ஏன் அனுமதிக்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபையின் சார்பில் மருத்துவமனைக்கும் துக்க வீட்டிற்கும் போய்வருகிற பொறுப்பு பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அங்கே என்னிடம் கேட்கப்பட்டவை. சில, திரும்பி வரும் வழியில் எனக்கே எழுந்தவை. சிலவற்றுக்கு என்னிடம் இருப்பது பாதிப் பதில்தான். முழுப் பதில் இருப்பதுபோல் பேசிப் பிறர் மனதைப் புண்படுத்தியிருக்கிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் சரியாக எங்கே இருக்கிறது?

கடவுள் எல்லாம் வல்லவர். அவர் அன்பானவர். ஆனாலும் துன்பம் இருக்கிறது. தடுக்க மனமிருந்தும் முடியவில்லை என்றால் அவர் வல்லவர் அல்ல. முடிந்தும் மனமில்லை என்றால் நல்லவர் அல்ல. கிறிஸ்துவுக்கு முன்பே வாழ்ந்த கிரேக்க ஞானி எபிக்கூரஸின் பெயரில் வழங்கிவரும் வாதம் இது.

துன்பம் வெறும் தோற்றம் என்று சொல்லிவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும். கடவுளின் வல்லமைக்கு எல்லை உண்டு என்று ஒப்புக்கொண்டாலும் அவிழ்ந்துவிடும். கிறிஸ்தவம் இந்த மூன்றில் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கேள்வி விசுவாசியைத்தான் அதிகம் உறுத்துகிறது. வானம் வெறுமை என்று நினைப்பவருக்குத் துன்பம் வரும். ஆனால் 'ஏன் இப்படிச் செய்தீர்' என்று கேட்க அவருக்கு ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மேசைமுன் உட்கார்ந்து கேட்பவரின் கேள்வியும், படுக்கையருகில் நின்று கேட்பவரின் கேள்வியும் சொல்லளவில்தான் ஒன்று. ஒருமுறை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, பிள்ளையை இழந்த ஒரு தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளையின் செருப்புகள் ஒரு பிளாஸ்டிக் பையில் அவர் மடியில் இருந்தன. ஒரு செருப்பை வெளியே எடுத்து அதன் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். "தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற ரோமர் எட்டாம் அதிகார வசனத்தை ஒருவர் அவரிடம் சொன்னார். சொன்னது நான்தான். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஐயா, இதில் நன்மை எது என்று காட்டுங்கள்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வசனம் தவறல்ல. அதைச் சொன்ன ஆளும் நேரமும் தவறு.

துன்பம் பாவத்திற்குத் தண்டனையா?

"யார் செய்த பாவமோ" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. இயேசுவின் சீடர்களும் அப்படித்தான் கேட்டார்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் செய்தார்களா என்றார்கள். இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்பது இயேசுவின் பதில் (யோவான் 9). காரணத்தைத் தோண்டிக்கொண்டிருக்காமல் அவனுடைய கண்ணைத் திறக்கிற வேலையில் இறங்கிவிடுகிறார்.

லூக்கா 13-ல் இன்னும் நேரடியாகப் பேசுகிறார். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்திருந்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அந்தப் பதினெட்டுப் பேர் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே சொல்கிறார். விபத்தில் இறந்தவர்களின் கணக்கைப் பார்க்க வந்தவர்களிடம், உங்கள் கணக்கைப் பாருங்கள் என்று திருப்பிவிடுகிறார்.

செயலுக்கு விளைவே கிடையாது என்று இதற்குப் பொருளல்ல. குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவருக்குக் காரணம் தெரியும். ஆனால் அடுத்தவருடைய துன்பத்தைப் பார்த்து அவருடைய பாவத்தைக் கண்டுபிடிக்கும் உரிமை நமக்குத் தரப்படவில்லை. அந்த வேலையைச் செய்தவர்கள் யோபின் நண்பர்கள். அவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை பின்னால் வருகிறது.

கொலையையும் கொடுமையையுமாவது கடவுள் தடுத்திருக்கலாமே?

தம்பி ஆபேலைக் கொன்ற காயீனின் கதையில் ஒரு விவரம் பலர் கண்ணில் படுவதில்லை. கொலைக்கு முன்பே கடவுள் அவனிடம் பேசுகிறார். பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது, நீ அதை ஆண்டுகொள்ள வேண்டும் என்று எச்சரிக்கிறார். ஆனால் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது என்று பிறகு அவரே சொல்கிறார்.

மனிதனுக்கு உண்மையான சுதந்திரம் தரப்பட்டிருக்கிறது, அதில் தீமையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் அடக்கம் என்பது கிறிஸ்தவர்கள் சொல்லிவந்த பதில். ஓங்கும் கையெல்லாம் அந்தரத்தில் நின்றுவிடுகிற உலகத்தில் யாரையும் அடிக்க முடியாது. அடிக்காமல் இருப்பதற்கும் அங்கே மதிப்பில்லை. கட்டளையிட்டு வாங்கிய அன்பு அன்பல்ல.

இருபதாம் நூற்றாண்டில் இது கூர்மையான தத்துவ விவாதமாக நடந்தது. வல்லமை, அன்பு, தீமை ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கவே முடியாது என்று 1955-ல் தத்துவவாதி ஜே. எல். மெக்கி வாதிட்டார். சுதந்திரமுள்ள உயிர்களைப் படைத்துவிட்டு, அவை தீமையே செய்யாது என்பதற்கும் உத்தரவாதம் தருவது எல்லாம் வல்லவருக்கும் இயலாததாக இருக்கலாம், அப்படியானால் முரண்பாடு இல்லை என்று 1974-ல் கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா பதில் தந்தார். இன்று கடவுள் நம்பிக்கையற்ற தத்துவவாதிகளிலும் பலர் 'தர்க்க முரண்' என்ற வாதத்தை வற்புறுத்துவதில்லை. 'இருக்கட்டும், இவ்வளவு துன்பம் எதற்கு?' என்ற அளவுக் கேள்விக்கு நகர்ந்துவிட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்விதான் கனமாகத் தெரிகிறது. ஒருவருடைய சுதந்திரத்திற்கு இன்னொருவர், அதுவும் ஒரு குழந்தை, விலை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற இடத்தில் இந்தப் பதில் தடுமாறுகிறது.

நிலநடுக்கத்திற்கும் புற்றுநோய்க்கும் யாருடைய சுதந்திரம் காரணம்?

1755 நவம்பர் 1 அன்று காலை போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் நிலம் அதிர்ந்தது. அன்று சகல பரிசுத்தவான்களின் திருநாள். ஆலயங்கள் நிரம்பியிருந்தன. கூரைகள் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தன. அடுத்துக் கடல் பொங்கியது, அதற்கடுத்துத் தீ. படைக்கப்படக்கூடிய உலகங்களில் இதுவே மிகச் சிறந்தது என்று 1710-ல் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் எழுதியிருந்தார். லிஸ்பனுக்குப் பிறகு பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அந்த எண்ணத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். இந்த விஷயத்தில் என் மனம் வோல்டேர் பக்கம் சாய்கிறது. வேதாகமமும் இந்த உலகத்தை மிகச் சிறந்த உலகம் என்று சொல்வதில்லை. சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்றுதான் பவுல் எழுதுகிறார் (ரோமர் 8:22).

முதல் மனிதன் கடவுளின் கட்டளையை மீறிய வீழ்ச்சியோடு படைப்பு முழுவதும் சீர்குலைந்தது என்பது பழைய விளக்கம். ஒழுங்கான இயற்கை விதிகள் இல்லாமல் வாழ்க்கையே சாத்தியமில்லை, நம்மைத் தாங்குகிற அதே விதிகள் சில நேரம் நசுக்கவும் செய்யும் என்பது இன்னொன்று. வலியையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழுநோயாளிகளிடையே பல ஆண்டுகள் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் விரல்கள் சிதைவதற்கு உணர்ச்சி இழப்புதான் பெரிய காரணம் என்று கண்டார். சுடுவது தெரியாததால் கை நெருப்பில் இருக்கும். ஆணி குத்தியது தெரியாததால் கால் நடந்துகொண்டே இருக்கும். வலி ஒரு காவல்காரன்.

நல்ல விளக்கம்தான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் இரத்தப் புற்றுநோய்க்கு இது எட்டாது. அந்த வலி எதையும் காக்கவில்லை. இந்த இடத்தில் நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிடுகிறேன்.

விலங்குகளின் துன்பம்?

1979-ல் வில்லியம் ரோ என்ற தத்துவவாதி, காட்டுத் தீயில் வெந்து, யாரும் பார்க்காமல் நாள்கணக்கில் துடித்துச் சாகிற ஒரு மான்குட்டியை உதாரணமாக வைத்தார். அந்தத் துடிப்பால் யாருக்கு என்ன நன்மை? இதற்கு நான் படித்த பதில்கள் எதுவும் என் மனதை நிறைக்கவில்லை. ஒரு அடைக்கலான் குருவியும் பிதாவின் சித்தமில்லாமல் தரையில் விழாது என்று இயேசு சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் சாத்தானின் வேலையா?

சாத்தான் உண்டு என்று வேதாகமம் சொல்கிறது. ஆனால் அவனைக் கடவுளுக்குச் சமமான எதிரியாக நிறுத்துவதில்லை. யோபின் கதையில் அவன் அனுமதி கேட்டுக்கொண்டுதான் வருகிறான். ஆகவே அவன்மேல் பழியைப் போட்டாலும் 'ஏன் அனுமதித்தீர்' என்ற கேள்வி ஒரு படி தள்ளிப்போகிறதே தவிர தீர்வதில்லை.

துன்பம் நம்மைப் பக்குவப்படுத்தத்தானே வருகிறது?

சில நேரம், ஆம். உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும் (சோதனையில் தேறிய நிலையையும்), பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது என்று ரோமர் 5 சொல்கிறது. மனிதன் முழுமையடைந்தவனாகப் படைக்கப்படவில்லை, முழுமையை நோக்கி வளர வேண்டியவனாகப் படைக்கப்பட்டான் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே திருச்சபைத் தந்தை ஐரேனியு எழுதினார். தம்மை விற்ற சகோதரர்களிடம் யோசேப்பு, நீங்கள் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்றான்.

அதைச் சொன்னது யார், எப்போது என்று பாருங்கள். விற்கப்பட்டவன் சொல்கிறான், அதுவும் பல ஆண்டுகள் கழித்து. குழியில் கிடந்தபோது மேலே நின்றுகொண்டு அண்ணன்மார்கள் இதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அது இறையியல் ஆகாது, அயோக்கியத்தனம். என் துன்பம் என்னைப் பக்குவப்படுத்தியது என்று நான் சொல்லலாம். உன் துன்பம் உன்னைப் பக்குவப்படுத்தும் என்று உன்னிடம் சொல்வது வேறு. துன்பத்தில் பக்குவப்பட்டவர்களைப் போலவே நொறுங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

'தாங்க முடியாததைக் கடவுள் தரமாட்டார்' என்று வேதத்தில் இருக்கிறதே?

இல்லை. 1 கொரிந்தியர் 10:13 பாவத்திற்கு இழுக்கும் சோதனையைப் பற்றியது. தப்பிக்கும் வழியும் உண்டாக்குவார் என்பது அதன் பொருள். துன்பத்தின் எடையைப் பற்றி அது பேசவில்லை. அதே பவுல் அதே சபைக்கு எழுதிய அடுத்த கடிதத்தின் முதல் அதிகாரத்தில், "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" தங்களுக்கு உண்டானது என்கிறார். தாங்க முடியாதது வரும். வந்தவரிடம் 'உன்னால் தாங்க முடியும்' என்பது, உடைந்துபோனதும் அவர் குற்றமே என்று சொல்வதற்குச் சமம்.

யோபின் புத்தகம் இதற்கு என்ன பதில் தருகிறது?

செல்வத்தையும் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபைப் பொறுமைக்கு உதாரணமாகப் பிரசங்கிப்பவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு அதிகாரங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வரி அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தால் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன்பின் முப்பது அதிகாரங்களுக்கு மேல் வாக்குவாதம். நண்பர்கள் மூவரும் கடவுளுக்கு வக்கீலாக நிற்கிறார்கள்: கடவுள் நீதியுள்ளவர், நீ துன்பப்படுகிறாய், ஆகவே நீ குற்றவாளி. "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்கிறார் யோபு. துக்க வீட்டிற்குப் போகும்போதெல்லாம் இந்த வரி என் காதில் ஒலிக்கும்.

முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். காரணம் சொல்வார் என்று எதிர்பார்க்கிறோம். சொல்லவில்லை. முதல் அதிகாரத்தில் பரலோகத்தில் நடந்த உரையாடல் வாசகருக்குத் தெரியும். யோபுக்குக் கடைசிவரை தெரிவிக்கப்படவில்லை. "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்பதில் தொடங்கிக் கேள்விமேல் கேள்வி. முதன்முறை படித்தபோது இது எனக்கு அதட்டலாகத்தான் பட்டது. இப்போதும் பாதி அப்படித்தான் படுகிறது. மறுபாதி வேறு: காட்டுக்கழுதையை அவிழ்த்துவிட்டது யார், காக்கைக்குஞ்சுகளுக்கு இரை தேடித் தருவது யார் என்று கேட்கிறவர், இந்த உலகத்தின் ஒவ்வொரு மூலையையும் பெயர் சொல்லி அறிந்தவராகத் தெரிகிறார். யோபு கேட்டது விளக்கம். கிடைத்தது சந்திப்பு.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி அதிகாரம். தம்மைப்பற்றிச் சரியானதைப் பேசியவர் யோபுதான், நண்பர்கள் அல்ல என்று கடவுள் தீர்ப்புச் சொல்கிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் குற்றவாளிகள். கடவுளோடு வழக்காடியவர் சரி.

ஒரு சின்னக் குறிப்பு. முடிவில் யோபுக்கு ஆடுமாடுகள் இரட்டிப்பாகக் கிடைக்கின்றன. பிள்ளைகள் மறுபடியும் பத்துப் பேர் பிறக்கிறார்கள். இறந்த பத்துப் பேருக்கு அது ஈடு என்று நினைக்கிறவர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களோடு பேசிப் பார்க்கட்டும்.

கடவுளிடம் கோபப்படுவது பாவமா?

சங்கீதங்களில் பெரும் பங்கு புலம்பல். பதின்மூன்றாம் சங்கீதம் தொடங்கியதுமே நான்குமுறை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் ஆறுதலின்றியே முடிகிறது: அறிமுகமானவர்களெல்லாம் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதையும் ஜெபமாகத்தான் தொகுத்திருக்கிறார்கள். கோபப்படுகிறவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஜெபித்தும் குணமாகவில்லை. விசுவாசம் போதாதா?

இந்தக் குற்றச்சாட்டைவிடக் கொடியதைச் சபைக்குள் நான் கேட்டதில்லை. நோயாளிமேல் நோயோடு சேர்த்துக் குற்றவுணர்ச்சியையும் ஏற்றிவைக்கிறது.

அப்போஸ்தலர் 12-ஐப் படியுங்கள். யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொல்கிறான். அடுத்துப் பேதுருவைச் சிறையில் வைக்கிறான். தேவதூதன் வந்து அவரை வெளியே கொண்டுவருகிறான். ஒரே அதிகாரம், ஒரே சபை, இருவரும் இயேசுவின் நெருங்கிய சீடர்கள். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. தன் மாம்சத்திலிருந்த முள் என்று தானே சொன்ன உபாதை நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டினார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. கெத்செமனேயில் இயேசுவே இந்தப் பாத்திரம், அதாவது வரவிருந்த பாடு, தம்மைவிட்டு நீங்கும்படி ஜெபித்தார். அதுவும் நீங்கவில்லை. அவருக்கும் விசுவாசக் குறைவா?

அப்படியானால் கிறிஸ்தவம் தருகிற பதில்தான் என்ன?

சிலுவை. துன்பம் ஏன் என்பதற்கு அது விளக்கம் அல்ல. ஆனால் கடவுள் துன்பத்தைத் தூர நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற குற்றச்சாட்டை அது மாற்றிப்போடுகிறது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரி. அதைச் சிலுவையில் கதறியவரைத்தான் கிறிஸ்தவர்கள் தேவகுமாரன் என்று வணங்குகிறார்கள். நாம் கேட்கும் 'ஏன்' அவர் வாயிலும் இருந்திருக்கிறது.

இதற்கு முன்னோட்டம் இயேசுவின் நண்பன் லாசருவின் கல்லறை. இறந்து நான்கு நாளாகிவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். ஆனாலும் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு அவர் கண்ணீர் விட்டார். 'அழாதே, பார், என்ன செய்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். முதலில் அழுதார்.

கடவுள் தம் தெய்வீக இயல்பில் துன்பத்திற்கு ஆட்படாதவர் என்றுதான் பழைய திருச்சபைத் தந்தையர் போதித்தார்கள். மகன் ஏற்றுக்கொண்ட மனித இயல்பில் பாடுபட்டார் என்றார்கள். கடந்த நூற்றாண்டின் போர்களுக்குப் பிறகு பலர் இதை மறுபரிசீலனை செய்தார்கள். ஹிட்லரின் சிறையில் இருந்த ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1944 ஜூலையில் எழுதிய கடிதத்தில், துன்புறும் கடவுளால் மட்டுமே உதவ முடியும் என்றார். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். இறையியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் ஆணி அடிக்கப்பட்ட கை கடவுளின் மகனுடையது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பரலோகத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஏமாற்று அல்லவா?

இங்கே அநீதியைக் கண்டும் காணாமல் இருப்பதற்குச் சாக்காகச் சொன்னால் ஏமாற்றுதான். ஆனால் மரணத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்றால், கொலையுண்ட குழந்தைக்கு நியாயம் என்றைக்குமே கிடையாது. தேவன் கண்ணீர் யாவையும் துடைப்பார், இனி மரணமுமில்லை என்று வெளிப்படுத்தின விசேஷம் சொல்கிறது. துடைக்க வேண்டுமென்றால் அந்தக் கண்ணீர் அங்கேயும் இருந்தாக வேண்டும். உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்புகள் அப்படியே இருந்தன. தோமாவிடம் அவற்றைத்தான் காட்டினார். நடந்தது நடக்காததாக ஆகிவிடும் என்று கிறிஸ்தவம் எங்கேயும் சொல்லவில்லை.

துக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்லலாம்?

யோபின் நண்பர்கள் சரியாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. வந்தவுடன் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. 'அழுகிறவர்களுடனே அழுங்கள்' என்று பவுல் எழுதினார். அழுகிறவர்களுக்கு விளக்குங்கள் என்று எழுதவில்லை.

'கடவுளுக்கு இன்னொரு தேவதூதன் தேவைப்பட்டான்', 'தோட்டத்தில் அழகான பூவைத்தானே முதலில் பறிப்பார்' போன்றவற்றைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவை வேதத்திலும் இல்லை. பிள்ளையைத் திருடுகிறவராகக் கடவுளைக் காட்டுகின்றன. 'ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்' என்பதாலும் பயனில்லை. துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லத் தெம்பிருக்காது. மருத்துவமனைக் கணக்கை முடிப்பது, இறப்புச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்பது, மற்ற பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது என்று ஏதாவது ஒன்றை எடுத்துச் செய்யுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். எல்லோரும் பெயரைத் தவிர்ப்பார்கள். அது வீட்டாருக்கு இரண்டாவது இழப்பு.

தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடக்கத்திற்கு எல்லோரும் வருவார்கள். பிள்ளையின் அடுத்த பிறந்தநாளன்று யாருக்கும் நினைவிருக்காது.

செருப்புகளை மடியில் வைத்திருந்த அந்தத் தந்தைக்கு வருடத்தில் இரண்டு நாள் போன் செய்கிறேன். பிள்ளையைப் பற்றிப் பேசுவார். சில வருடம் சிரித்தும் பேசுவார். ரோமர் எட்டாம் அதிகாரத்தை அவர் இதுவரை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.